கிடையோடு நடக்குமா கருவி?

கழுத்துப்பட்டையும் கேமராவும் கொட்டிலுக்குச் சரி. மல்லாங்கிணறு கரிசலில் நடந்தே பிழைக்கும் ஆடுகளுக்கு எது உதவும்?

பங்குனி பிறந்துவிட்டால் மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் கிடை மறிப்பார்கள். பருத்திமார் பிடுங்கியாயிற்று, மல்லி அடித்து மூட்டை கட்டியாயிற்று. வெறுங்காட்டில் ராத்திரி முழுக்க ஆடுகள் படுத்து எழுந்தால் அடுத்த வெள்ளாமைக்கு உரம். காட்டுக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுப்பார். ஓரிரு நாள்தான், பிறகு அடுத்த காடு, அடுத்த ஊர். சின்னக் குட்டிகள் கொடாப்புக்குள், பெரிய ஆடுகள் வலைக்குள், கிடைக்காரர் கட்டிலில். விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று போகப் போக வெயிலும் இதேதான், பிழைப்பும் இதேதான்.

'கால்நடை நலனுக்குத் தொழில்நுட்பம்' என்று பேச்செடுத்தால் நம் கண்முன் காட்டப்படும் படம் இதில்லை. கழுத்திலோ காலிலோ பட்டை மாட்டிய கலப்பினப் பசு, தலைக்கு மேல் காற்றாடி, பண்ணைக்காரர் கையில் கைபேசி. பெங்களூருவின் ஸ்டெல்லாப்ஸ் நிறுவனம் 2011 முதல் இப்படிப்பட்ட கருவிகளைச் செய்துவருகிறது; சென்னை ஐ.ஐ.டி.யின் ஊரகத் தொழில்நுட்ப மையத்தில் வளர்ந்த நிறுவனம் அது. பசு எத்தனை எட்டு நடந்தது, எவ்வளவு நேரம் படுத்தது என்று எண்ணி, சினைப்பருவத்தையும் நோயையும் உடமைக்காரர் கவனிப்பதற்கு முன்பே சொல்லிவிடும். நல்ல கருவிதான். ஆனால் அது கட்டிப்போட்ட மாட்டுக்கு. வானம் பார்த்த பூமியில் ஆட்டைக் கட்டிப்போட்டால் தீவனத்துக்கு எங்கே போவது?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை பிறந்த நாடுகளில் ஆட்டைப் பார்க்க ஆள் கிடையாது. நார்வேயின் நோஃபென்ஸ் நிறுவனம் வெள்ளாட்டுக்கென்றே வேலியில்லா வேலி ஒன்றைச் செய்தது. கழுத்துப்பட்டை செயற்கைக்கோளைப் பார்த்து ஆடு இருக்கும் இடத்தை அறிகிறது. எல்லையை நெருங்கினால் ஓர் ஓசை எழுப்பி, ஓசை ஏற ஏறத் திரும்பாத ஆட்டுக்கு லேசான மின்அதிர்ச்சி தருகிறது. மலைச்சரிவில் தனியாக விட்ட ஆட்டுக்கு அது பொருந்தலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் செம்மறியின் முகத்தைப் படம் பிடித்து, காது மடங்கிய விதம், கண் சுருங்கிய அளவு, மூக்கின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு அதற்கு வலி இருக்கிறதா என்று கணினியே சொல்லும்படி செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு ஒருவர் இருவர் என்றால் அப்படி ஒரு கணினி வேண்டியதுதான்.

நம் கரிசலில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு மந்தைக்கும் பின்னால் ஒரு ஆள் கம்போடு நடக்கிறார். எந்த ஆடு நேற்று அசைபோடவில்லை, எந்தத் தாய் குட்டியைச் சேர்க்கவில்லை, எது பின்தங்கி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பார்க்கும் கண்ணுக்கு இங்கே பஞ்சமில்லை. பார்த்த பிறகு என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் யார் வருவார் என்பதில்தான் பஞ்சம். ஆகவே இங்கே எந்தக் கருவி வந்தாலும் என் கேள்வி இது ஒன்றுதான்: அந்தக் கண்ணுக்கு அது துணை செய்கிறதா, இல்லை அதற்குப் பதிலாக வந்து உட்காரப் பார்க்கிறதா?

பம்ப்செட் செய்த புண்ணியம்

இந்தப் பக்கம் மாடுகளின் உடம்புநோவைக் குறைத்ததில் முதலிடம் எந்தக் கால்நடைத் திட்டத்துக்கும் இல்லை, மின்சார மோட்டாருக்குத்தான். கமலை இறைத்த காலத்தை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிணற்றை ஒட்டிய சரிவில் மாடுகள் இறங்கும்போது சால் மேலே வரும். தண்ணீரைக் கொட்டியதும் அதே சரிவில் பின்னோக்கி ஏற வேண்டும். விடிவதற்கு முன் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதுதான். கழுத்தில் காய்ப்பு, காய்ப்பில் புண், புண்ணின் மேல் மறுநாளும் அதே நுகத்தடி.

காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையான காலத்தில் ஊர் ஊராக மின்கம்பி போனது. பிறகு பம்ப்செட் பெருகியது. அதை யாரும் பிராணிகள் நலத் திட்டம் என்று சொல்லவில்லை. விளைச்சலுக்காக வந்தது, போகிற போக்கில் மாட்டின் கழுத்தை ஆற்றிவிட்டுப் போனது. அடுத்து டிராக்டர் வந்தது, ஏர் போனது. ஏரோடு உழவுமாடும் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர். வேலை இல்லாத மாட்டை வைத்துக் காப்பாற்றும் வசதி இந்த மண்ணில் யாருக்கு இருக்கிறது?

இருக்கிற மாட்டுக்கே நல்ல வண்டியும் நல்ல நுகத்தடியும் செய்து கொடுப்போம் என்று வாதாடியவர் ஒருவர் உண்டு. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி. மேலாண்மை கற்பிக்க வந்தவர், மாட்டுவண்டியின் அச்சையும் நுகத்தின் அழுத்தத்தையும் பற்றிக் காலமெல்லாம் பேசினார். அவர் சொன்ன மாதிரி வண்டிகள் ஊருக்குள் வருவதற்குள் லோடு ஆட்டோ வந்துவிட்டது.

இமையைத் திறந்து பார்

மிச்சம் இருப்பது ஆடு. இங்கே செம்மறி என்றால் பெரும்பாலும் வேம்பூர் இனம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் 'பொட்டு ஆடு' என்பார்கள். சாத்தூரில் உள்ள அரசு ஆட்டுப்பண்ணை அந்த இனத்தைப் பேணிவருகிறது. வெள்ளாடு என்றால் கன்னி ஆடு; கறுப்பு உடம்பில் முகத்திலும் காலிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, கோடு சிவப்பாக இருந்தால் செங்கன்னி. வறட்சியைத் தாங்கும் இனங்கள் என்று புத்தகங்கள் இவற்றைப் புகழும். வறட்சியைத் தாங்குவதால் வலியையும் தாங்கும் என்று நாமே முடிவுகட்டிக் கொண்டோம். ஆடு வலியைக் காட்டாது என்பதே உண்மை. இரையாகப் பிறந்த பிராணி. நொண்டுவது தெரிந்தால் நரிக்குச் சோறு.

காட்டிக்கொள்ளாத துன்பங்களில் பெரியது குடற்புழு. அதிலும் ஹீமான்கஸ் என்கிற ரத்தம் குடிக்கும் புழு. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். ஒரு பெட்டைப்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, பொரித்து, ஈரப்புல்லின் மேல் ஏறி, அடுத்த வாய்க்காகக் காத்திருக்கும். பனி உலர்ந்த பிறகே மந்தையைத் திறந்துவிட வேண்டும் என்று ஆட்டுக்காரர்கள் வைத்திருக்கும் பழைய கட்டுப்பாட்டில் எத்தனை விஞ்ஞானம் இருக்கிறது பாருங்கள். ஆனாலும் மழைக்காலத்தில் ஈரம் உலர்வதே இல்லை. ஆடு மேய்கிறது, நடக்கிறது, உள்ளே ரத்தம் வற்றுகிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அப்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

இதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கருவி வந்தது. பேட்டரி கிடையாது, சிக்னல் வேண்டாம். ஓர் அட்டை. ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து 'ஃபமாச்சா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்து, உள்தோலின் நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். முதலாவது நல்ல சிவப்பு, ஐந்தாவது ஏறக்குறைய வெள்ளை. முதலிரண்டு என்றால் விட்டுவிடலாம். நான்கும் ஐந்தும் என்றால் உடனே மருந்து. மூன்று என்றால் ஆட்டைப் பொறுத்தது. குட்டியாகவோ சினையாகவோ இருந்தால் கொடுப்பது நல்லது.

இதில் மருந்துச் செலவு மிச்சம் என்பது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. மந்தை மொத்தத்துக்கும் வருடத்துக்கு இத்தனை முறை என்று மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால், மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் தங்கிப் பெருகும். பிறகு எந்த மருந்தும் கேட்காது. வெளுத்த இமைக்கு மட்டும் கொடுத்தால், மருந்து பார்க்காத புழுக்களும் காட்டில் இருந்து அந்தக் கெட்ட இனத்தைக் கலந்து நீர்க்கச் செய்யும்.

இமையைத் திறந்து பார்ப்பது நம் ஆட்டுக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. சந்தையில் ஆடு பிடிப்பவர் பல்லையும் இமையையும் பார்க்காமல் விலை பேச மாட்டார். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஓர் அளவுகோல் கொடுக்கிறது இந்த அட்டை, அவ்வளவுதான். குறைகளும் உண்டு. ரத்தம் குடிக்காத புழுக்களை இது காட்டாது. புழுதியில் கண் சிவந்திருந்தால் ஏமாற்றும். வெயிலில் கிடந்தால் அட்டையின் நிறமே வெளுத்துவிடும். ஒருநாள் உட்கார்ந்து பழக்கிக் கொடுக்காமல் கையில் திணித்தாலும் பயனில்லை. இப்போது கைபேசிக் கேமராவே இமையைப் பார்த்து மதிப்பெண் சொல்லும் முயற்சிகள் நடக்கின்றன. வரட்டும். அதுவரை அட்டை போதும்.

அரசூரிலிருந்து அஃபார் வரை

ஆட்டுக்கொல்லி நோய் என்று ஒன்று. காய்ச்சல், மூக்கு ஒழுக்கு, வாயெல்லாம் புண், கழிச்சல். ஒரு மந்தையில் நுழைந்தால் குட்டிகளை வாரிக்கொண்டு போகும். இந்தியாவில் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊரில் எடுத்த கிருமியையே வலுவிழக்கச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அதன் வித்துக்கு இன்றும் 'அரசூர் 87' என்றே பெயர். ஒருமுறை போட்டால் ஏறக்குறைய மூன்று வருடம் தாங்கும். ஆட்டின் துன்பத்தைக் குறைக்க இந்த மாநிலம் செய்த கருவிகளில் இதைவிடப் பெரிது எது என்று எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் ஊசியில் இல்லை, பயணத்தில் இருக்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும். ஒரு குப்பியில் பல பத்து ஆடுகளுக்கான மருந்து. கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மந்தையோ விடிந்து வெயில் ஏறினால் மேய்ச்சலுக்குப் போய்விடும். பனிக்கட்டிப் பெட்டியோடு ஒருவர் பத்தரை மணிக்குக் கிடைக்கு வந்தால், அவருக்குக் கிடைப்பது புழுக்கைதான். அலுவலக நேரமும் ஆட்டு நேரமும் ஒன்றல்ல என்ற இந்தச் சின்ன விஷயத்தில் எத்தனை திட்டங்கள் கரைந்துபோகின்றன!

ஆட்டுக்கொல்லிக்கு உறவுக்காரக் கிருமிதான் மாட்டு வெக்கை நோய். இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், தமிழ்நாட்டில். உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். ஒழித்த கதையில் ஓர் அத்தியாயம் நமக்கானது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதி வறண்ட பாலை. மக்கள் மாட்டோடு அலைபவர்கள். சாலையோ குளிர்பெட்டியோ எட்டாது. ஜெஃப்ரி மரைனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசியைச் செம்மைப்படுத்தினார். பனிக்கட்டி இல்லாமலே சுமார் ஒரு மாதம் கெடாது. அதை ஊசி போடப் பழகிய மேய்ச்சல்காரர்களே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அரசு வண்டி தொட முடியாத நோயை அவர்கள் தொட்டு முடித்தார்கள். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று சர்வதேச அமைப்புகள் கெடு வைத்திருக்கின்றன. திருச்சுழிக் காட்டில் அந்தக் கெடு நிறைவேற வேண்டுமானால் அஃபாரின் வழி இங்கேயும் பேசப்பட வேண்டும்: கிடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே பயிற்சி, மருத்துவரின் மேற்பார்வையில்.

மழைக்காலத்துக்கென்றே காத்திருக்கும் நோய்கள் இரண்டு உண்டு. நீலநாக்கு, கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி கடித்துப் பரவுவது. வடகிழக்குப் பருவமழையோடு தென்மாவட்டச் செம்மறிகளைத் தாக்கும். நாக்கும் உதடும் வீங்கி, குளம்பில் ரத்தம் கட்டி, நடக்க முடியாமல் நிற்கும். ஐந்து வகைக் கிருமிகளுக்கும் சேர்த்த தடுப்பூசி 2015-ல்தான் சந்தைக்கு வந்தது. துள்ளுமாரி இன்னும் விரைவு. புது மழையில் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற ஆடு, காலையில் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். இரண்டுக்கும் ஊசி மழைக்கு முன்பே உடம்பில் ஏறியிருக்க வேண்டும். மழை வந்த பிறகு வருகிற ஊசி, கல்யாணம் முடிந்து வருகிற மேளம்.

பத்து ஆடு, ஒரு கைபேசி

முன்கூட்டியே சொல்ல முடியாதா? சொல்கிறார்கள். பெங்களூருவில் உள்ள கால்நடை நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனமான நிவேதி, எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்பே மாதாமாதம் கணித்து வெளியிடுகிறது. மழை, வெப்பம், பழைய நோய்க்கணக்கு எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அந்தக் கணிப்பு அலுவலகத்துக்கு வருகிறது. கட்டிலில் படுத்திருக்கும் கிடைக்காரரின் காதுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

காதுக்குக் கொண்டுபோன முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2008-ஐ ஒட்டித் தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற அமைப்பின் பெண்கள், ஆடு வளர்க்க வங்கிக் கடன் கேட்டு ஒரு திட்டம் எழுதினார்கள். 9 பெட்டை, 1 கிடா, 1 கைபேசி. ஆடு வளர்க்கக் கைபேசி எதற்கு என்று கேட்கிற காலம் அது. காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பின் துணையோடு அந்தக் கைபேசிகளுக்குத் தினமும் குரல்பதிவுகள் வந்தன: ஆடு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும், கொட்டிலை எப்படி வைக்க வேண்டும், எந்த மாதம் எந்த ஊசி. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம், மேய்த்துக்கொண்டே கேட்கலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே, பொத்தான் போனில் நடந்த காரியம் இது. இப்போது செயலிகள் ஏராளம். திறந்தால் பாதி ஆங்கிலம், மீதி அலுவலகத் தமிழ். கேட்டுக்கொண்டே நடக்கலாம் என்ற அந்த எளிய வசதி எப்படியோ கைநழுவிவிட்டது.

1962 என்ற எண் ஒன்று இருக்கிறது. கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். 2024-ல் மட்டும் 200-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் தமிழ்நாடு அரசு ஓடவிட்டது. வண்டி நடமாடுவது நல்லது. ஆனால் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்விக்குக் கிடைக்காரரிடம் பதில் இருக்காது. 'கண்மாய்க்குத் தெற்கே, இரட்டைப் பனைக்குப் பக்கத்தில்' என்பார். கைபேசியில் இருப்பிடத்தை அனுப்பும் வசதி எல்லோரிடமும் இருக்கும்போது, அவசர எண் அதை வாங்கிக்கொள்ளப் பழகினால் கழுத்துப்பட்டையைவிட அது ஆட்டுக்கு உதவும்.

(1962 என்பது இந்தியப் பிராணிகள் நல வாரியம் தொடங்கிய ஆண்டும்கூட. தற்செயலாகத்தான் இருக்கும். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவு, 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டியத்துக்காக அவரை நினைவுவைத்திருக்கும் நாம் இதை மறந்துபோனோம்.)

அந்தச் சட்டத்தின் கீழ் 1978-லேயே பிராணிகளை ஏற்றிச்செல்லும் விதிகள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை திருமங்கலம், சனிக்கிழமை எட்டயபுரம் என்று ஆட்டுச்சந்தை முடிந்து திரும்பும் வண்டிகளைப் பார்த்தால் விதி என்ற ஒன்று இருப்பதாகத் தோன்றாது. ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கி எறிவார்கள். ஒன்றின் மேல் ஒன்று மிதிபட்டு நிற்கும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் கேட்கவே வேண்டாம். இங்கே தேவைப்படுவது ஒரு சாய்தளமும், வண்டிக்குள் ஒரு தடுப்பும், சந்தையில் ஒரு தண்ணீர்த்தொட்டியும். எதிலும் சில்லு கிடையாது என்பதால் யாரும் இதைத் தொழில்நுட்பம் என்று மதிப்பதில்லை.

கருவி வந்தாலே பிராணிக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் நாமக்கல் வரை போய்வரலாம். கோழிவளர்ப்பில் அங்கே இல்லாத இயந்திரம் இல்லை. ஆனால் இறக்கை விரிக்க இடமில்லாத கம்பிக்கூண்டும் ஒரு தொழில்நுட்பம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் அந்த வெறுங்கூண்டுக்குத் தடை போட்டது. இங்கே சட்ட ஆணையம் 2017-ல் தன் 269-வது அறிக்கையில் அதைப் பற்றிப் பேசியது.

காதில் எண், கணக்கில் ஆடு

மாடுகளின் காதில் 12 இலக்க மஞ்சள் பட்டை பழகிவிட்டது. ஆட்டுக்கும் வருகிறது. எந்த ஆட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்பது 'பாரத் பசுதன்' கணினிக்கணக்கில் ஏறும். திருட்டுப்போனால், நோயில் செத்தால், உடமைக்கு ஓர் ஆதாரம். ஆட்டுக்காரர்களிடம் தயக்கம் இருக்கிறது; அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று தள்ளக் கூடாது. இங்கே மேய்ச்சல் என்றால் சீமைக்கருவேல முள்ளுக்குள் தலையை விட்டு நெற்றுப் பொறுக்குவது. பட்டை முள்ளில் மாட்டினால் காது கிழியும். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். அவர்கள் தலைமுறையாகக் காதில் வெட்டிய அடையாளமும் வலியில்லாதது இல்லை. ஆனால் அது ஒருமுறை ஆறிவிடும். பட்டை போடுகிறவர் சுத்தமான கருவியோடு, காதின் நரம்பு பார்த்து, மழை இல்லாத மாதத்தில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாதக் கடைசியில் இலக்கை முடிக்கிற அவசரத்தில் போட்டால் தீராது.

கணக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம், செம்மறி 45 லட்சம். வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. கிடையில் இருக்கும் ஆட்டுக்கு வீடு எது? 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் மேய்ச்சல் சமூகத்தாரின் மந்தைகளையும் தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். தடுப்பூசிக் குப்பிகள் தலைக்கணக்கை வைத்துத்தான் மாவட்டத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. கணக்கில் விழாத மந்தைக்குக் குப்பியும் இல்லை.

தலைக்கணக்கோடு இன்னும் ஒரு கணக்கையும் சேர்க்கலாம். எந்தக் கிடை எந்த மாதம் எந்த ஊர்ப்பக்கம் இருக்கும் என்பது ரகசியமில்லை. காட்டுக்காரர்களுக்குத் தெரியும், தலைமைக் கிடைக்காரர் கைபேசியிலும் இருக்கிறது. ஆவணியிலேயே அந்த எண்களை வாங்கி ஒரு பட்டியலாக்கி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி கால்நடை மருந்தகங்களில் வைத்துவிட்டால், புரட்டாசியில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பனிக்கட்டிப் பெட்டியோடு கிளம்புகிறவர் எந்தக் காட்டுக்குப் போவது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.